ஊற்றுக்கு மேலே வெட்டிய கான்

எனக்குக் காலில் சக்கரம் என்று லயத்துப் பெண்கள் சொல்வார்கள். சொன்னால் சொல்லட்டும். டிக்கோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்தின் ஒரே ஒரு அறையான காம்பராவுக்குள் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்று, அதற்குள்ளேயே செத்தும் போனவர்களுக்கு, வாசலைத் தாண்டி யோசிக்கிறவளைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். விடியும்போது பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கங்காணி காட்டுகிற மலைக்குப் போக வேண்டும். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அடுப்பை ஊத வேண்டும். இதுதான் ஆயுசு முழுக்க என்று நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கல்யாணமான முதல் மாதத்திலேயே என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, நாம இங்கயேதான் கெடக்கணுமா?"

"வேற எங்க போறது?" என்றார்.

 நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இந்த மண்ணிலேயே பிறந்த எங்கள் இருவருடைய பிரஜாவுரிமை மனுவும் தள்ளுபடியாகிவிட்டது. இந்தியா என்பது எங்கள் தாத்தாக்கள் சொல்லிக் கேட்ட ஊர். ஆக, அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, எனக்கோ ராத்தூக்கம் கெட்டது.

அவர் கான் வெட்டுகிறவர். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமலிருக்கச் சரிவுக்குக் குறுக்கே வெட்டிவிடுகிற வடிகாலை நாங்கள் கான் என்போம். அவர் வெட்டிய கானில் தண்ணீர் ஓடுவது தெரியாது. அவ்வளவு நிதானமாக, கரையைத் தொடாமல் போகும். துரைகூட ஒரு முறை நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனதாகச் சொல்லிச் சொல்லி என் காதைத் தேய்த்திருக்கிறார். பேச்சில் மனுஷர் கல்லுப்பிள்ளையார். ஆனால் எங்காவது தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும், கை பரபரக்கும். லய வாசலில் குழம்புச் சட்டி கழுவிய தண்ணீர் தேங்கினால்கூட மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ரோட்டோரம் ஒரு சந்தை கூடும். பட்டிப்பொலைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களக் கிழவர் லீக்ஸ், போஞ்சி என்று காய்கறிகள் கொண்டுவந்து விற்பார். மாமா என்று கூப்பிடுவோம். எங்களோடு பழகிப் பழகி அவருக்கு ஒரு தமிழ் வந்திருந்தது. கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் எல்லாம் விளங்கும். ஒரு நாள் போஞ்சியைப் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் அவர் பெருமூச்சு விட்டார்.

"நிலம் இருக்கு துவே. ஊத்துத் தண்ணி இருக்கு. வேலைக்கு ஆள் இல்ல. பையன் ரெண்டும் கொழும்பு போச்சு."

துவே என்றால் மகளே. அந்த வார்த்தையோ, ஊற்றுத் தண்ணி என்ற வார்த்தையோ, எது என்னைப் பிடித்துக்கொண்டதென்று தெரியாது. கையிலிருந்த போஞ்சியை அப்படியே போட்டுவிட்டு, "நாங்க வந்தா நெலம் குடுப்பீங்களா மாமா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முழங்கையால் என்னை இடித்தார். கிழவர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்து பாருங்க," என்றார்.

அடுத்த ஓய்வு நாளிலேயே என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அட்டனில் ரயிலேறினேன். பட்டிப்பொலையில் இறங்கியபோது குளிர் எலும்புக்குள் போனது. ஸ்டேஷனைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கினோம். மூடுபனி விலகியதும் ஒரு பள்ளத்தாக்கு தெரிந்தது. படிப்படியாகக் காய்கறிப் பாத்திகள், அடியில் கொஞ்சம் நெல் வயல், ஆங்காங்கே மண் வீடுகள். எங்கு பார்த்தாலும் தண்ணீர்ச் சத்தம். பாதையோரத்தில், வேலிக்கடியில், பாறை இடுக்கில், எங்கெங்கோ ஊறி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது.

மாமாவின் நிலம் ஊருக்கு மேலே இருந்தது. உச்சியில் கோரைப்புல் மண்டிய ஒரு சதுப்பு. காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். அதற்குக் கீழே ஒரு பாறை, பாறையின் அடியில் ஊற்று. அதிலிருந்து மூங்கில் வழியாக, ஊரார் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குத் தண்ணீர் போனது. ஊர் முழுக்க அதில்தான் குடித்தது, குளித்தது. நான் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். பல் கூசியது. எங்கள் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் வருவது துரையின் குழாய் வழியாக. இது யாரிடமும் கேட்காமல் தானாக வருகிற தண்ணீர். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

மாமா சொன்ன ஏற்பாடு எளிமையானது. நிலம் அவருடையது, விதை, எரு, உழைப்பு எங்களுடையது. விளைவதில் ஆளுக்குப் பாதி. இரண்டு போகம் ஒழுங்காக எடுத்துக் காட்டினால் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய், எங்கள் உழைப்புக்கு ஈடாக அந்த நிலத்தை எங்களுக்கே எழுதித் தருவார். பையன்கள் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமாவது நிலம் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தார்.

ரயிலில் திரும்பும்போது, என் இஷ்டப்படியே வந்து பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வட்டவளைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு நேரே வந்து, "கையில இருக்கறத விட்டுட்டுக் காட்டுக்குப் போறியா, ஒனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா?" என்று லயமே கேட்கும்படி கத்தினாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். கடைசியில் நாங்கள் வளர்த்த பசுவையும் கன்றையும் விற்றோம். அதுதான் எங்கள் முதல், மொத்தச் சொத்தும் அதுதான். பசுவை ஓட்டிப் போகும்போது நான் வெளியே வரவில்லை. அவர் தோட்டத்துப் பதிவேட்டில் எங்கள் பெயரை வெட்டிக்கொண்டார். பெயரை வெட்டினால் காம்பராவும் போயிற்று. பின்னால் திரும்பிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

முதல் போகம் லீக்ஸ். நன்றாக வந்தது. பாத்திகளுக்கு இடையே அவர் வெட்டிய சின்னச் சின்னக் கான்களைப் பார்க்க ஊர்க்காரர்கள் வந்தார்கள். மழை கொட்டினாலும் ஒரு பிடி மண் கீழே இறங்கவில்லை. "தோட்டத்து ஆள் வேலை," என்று மாமா மார் தட்டிக்கொண்டார், தானே வெட்டியதுபோல. மாமாவின் மனைவி, எங்கள் மாமி, எனக்குச் சிங்களம் கற்றுக்கொடுத்தாள். நான் தப்பும் தவறுமாகப் பேசப் பீலியில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களுக்கென்று ஒரு குடிசை போட்டோம். சுவருக்கு மண் பூசும்போதே, அந்தப் பக்கம் ஒரு அறை இழுக்கலாம், இந்தப் பக்கம் மாட்டுக்கொட்டில் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தேன். இருந்தும் என் மனது அமரவில்லை. எழுதித் தருகிற நாள் வரை இது இன்னொருவர் நிலம்தானே என்ற நினைப்பு முள்ளாகக் குத்தியது.

இரண்டாம் போகத்துக்குப் போஞ்சி ஊன்றினோம். தை பிறந்து மழை விட்டபின்னும் மேல் பாத்திகள் காயவில்லை. உச்சிச் சதுப்பிலிருந்து கசிந்து கசிந்து வேர் அழுக ஆரம்பித்தது. அந்தச் சமயம் பார்த்து மாமாவும் மாமியும் மகளின் பிரசவத்துக்காகப் பண்டாரவளைக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சதுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேயிலையில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தேங்கிய தண்ணீர் என்றால் எதிரி. கண்ட இடத்தில் வெட்டி வெளியேற்று என்பதுதான் அவர் சின்ன வயதிலிருந்து கேட்ட ஒரே பாடம். தண்ணீர் நின்றால் கங்காணியிடம் வசவு, ஓடினால் கூலி. சதுப்பில் கை வைக்கக்கூடாது என்று மாமா சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. குடிவந்தவனிடம் கூரையைப் பிரிக்காதே என்று யார் சொல்வார்கள்? அந்த ஊரில் பிறந்த சின்னக் குழந்தைக்கும் தெரியும், அந்தச் சதுப்புதான் ஊற்றின் வயிறு என்று. எங்களுக்குத் தெரியாது.

கானை அவர் சதுப்பின் ஓரத்து மேட்டை அறுத்து மறுபக்கத்துக்கு வெட்டினார். ஆளுயர ஆழம், நூல் பிடித்த கரை. நான் சாப்பாடு கொண்டுபோனபோது கறுத்த தண்ணீர் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டம் வேண்டாமென்று ஓடிவந்த மனுஷர் தண்ணீரைத் தோட்டத்துக்கே அனுப்பிவைத்தார். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. போஞ்சி பிழைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

போஞ்சி தளதளவென்று ஏறியது. பீலியில் தண்ணீர் மெலிந்தது. வெயில் காலம் என்று ஊர் நினைத்தது. ஒரு பெண் குடத்தோடு மேலே ஏறி வந்து, "உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் போதுமா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனாள். மாசி முடிகையில் மூங்கிலிலிருந்து சொட்டுத்தான் விழுந்தது. பிறகு அதுவும் நின்றது.

அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். மேட்டுக்குப் போய்விட்டு வந்து குடிசை வாசலில் குந்தினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஊரே காஞ்சு கெடக்கு. என் கான்ல மட்டும் தண்ணி நெறஞ்சு ஓடுது, புள்ள," என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாருக்கும் சொல்லாமல் மூடிவிடலாம் என்றுதான் என் புத்தி முதலில் ஓடியது. அவர் கேட்கவில்லை. மாமா ஊர் திரும்பிய அன்றே அவரை மேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நானும் பின்னால் போனேன். கிழவர் கானின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நடந்தார். கரையில் உட்கார்ந்து கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டார். திட்டுவார் என்று நின்றோம்.

"வேல நல்ல வேல, புதா," என்றார். புதா என்றால் மகனே. ஈரக் கையை உதறிவிட்டுக் கீழே இறங்கிப்போனார். அடித்திருந்தால்கூட என் வீட்டுக்காரர் அப்படி உடைந்திருக்க மாட்டார்.

மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வந்தார்கள். கூட்டத்தில் ஒரு இளைஞன், "தேயிலைக்கு வந்த ஆட்களுக்கு ஊருக்குள் என்ன வேலை, இந்தியாவுக்கே போகச் சொல்லுங்கள்," என்று சிங்களத்தில் கத்தினான். எனக்கு அது முழுக்க விளங்கியது. மாமி கற்றுக்கொடுத்த சிங்களம் நன்றாகத்தான் பிடிபட்டிருந்தது. நானும் வாயைத் திறந்தேன், என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழுத்தினார். மாமி அந்த இளைஞனை ஒரு முறை முறைத்தாள். "முதலில் தண்ணீரைப் பார்ப்போம்," என்றாள்.

கானை மூட ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். என் வீட்டுக்காரர் யாரையும் இறங்க விடவில்லை. களிமண்ணைச் சுமந்து கொட்டி, மிதித்து, கட்டையால் அடித்து, தனியாளாக மூடினார். ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கான் மூடியதும் ஊற்று வந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பாறையின் அடியில் காதை வைத்துக் கேட்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. போவேன், கையை விட்டுத் துழாவுவேன், வருவேன், அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறுபடியும் போவேன்.

ஊர்ப் பெண்கள் பள்ளத்தின் அடியில் ஓடிய ஆற்றுக்குக் குடம் தூக்கிப் போனார்கள். நானும் போனேன், போகாமல் எப்படி? என்னை யாரும் திட்டவில்லை. ஆனால் முன்பு போல் யாரும் என் சிங்களத்துக்குச் சிரிக்கவும் இல்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஒருத்தி நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போவேன். அந்த ஏற்றம் ஒவ்வொரு அடியும் எங்களால் வந்தது.

பங்குனிக் கடைசியில் இடி மழை பிடித்தது. நாலைந்து நாள் பிற்பகலெல்லாம் கொட்டியது. ஒரு காலையில் போஞ்சி பறிக்கக் கூடையோடு போனவள், நடுப்பாத்தியில் கால் புதைந்து நின்றேன். குனிந்து பார்த்தால் செடிகளுக்கு நடுவே மண்ணைப் புரட்டிக்கொண்டு, தெளிவாக, குமிழ் விட்டுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஊற்று பழைய இடத்தை விட்டுவிட்டு எங்கள் பாத்திக்குள் கண் திறந்திருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அவர் ஓடிவந்தார். பார்த்தார். ஊர்த் தண்ணீருக்கு வழிவிட, காய் முற்றிப் பறிக்கிற பருவத்தில் நின்ற போஞ்சிக் கொடிகளைக் கம்போடு பிடுங்க ஆரம்பித்தார். ஒரு பாத்தி, இரண்டு பாத்தி, அப்படியே மொத்தமும். நான் தடுக்கவில்லை. கூடச் சேர்ந்து பிடுங்கினேன். வெயில் ஏறுவதற்குள் மூங்கிலை வெட்டிச் சேர்த்துத் தண்ணீரைப் பீலிக்கு இறக்கிவிட்டார். கீழே பெண்கள் கூவுகிற சத்தம் கேட்டது. எங்கள் இரண்டாம் போகம் அப்படிப் போனது.

மாமா அன்று குடிசைக்கு வந்தார். எங்கள் ஏற்பாடு முறிந்தது என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"சொன்னது சொன்னதுதான். வருசம் பொறந்த பிறகு நொத்தாரிசுகிட்ட போவம்," என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

சித்திரை வருஷப் பிறப்பு அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே நாள். அந்த ஊரில் அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து, வீட்டுப் பெண்கள் தண்ணீரோடு கொடுக்கல் வாங்கல் செய்வார்கள். ஒரு துண்டுக் கரி, கொஞ்சம் உப்பு, ஒரு காசு, மூன்றையும் வெள்ளைத் துணியில் முடிந்து தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு போத்தல் தண்ணீர் எடுப்பார்கள். அதை மூடி வைத்து அடுத்த வருஷப் பிறப்பன்று எடுக்கும் புதுத் தண்ணீரோடு கனம் பார்ப்பார்கள். கனம் கூடினால் வருஷம் செழிக்கும், குறைந்தால் கஷ்டம். அந்தக் காலை பெண்களெல்லாம் புதுச் சேலை கட்டிக்கொண்டு எங்கள் பாத்திக்கு ஏறி வந்தார்கள். பிடுங்கிய கொடிகள் ஓரத்தில் வாடிக் கிடந்தன. வழக்கமாக முதலில் கொடுப்பவள் மாமி. அவள் முடிச்சை என் கையில் வைத்தாள்.

"ஊற்று உன் வாசலில் வந்திருக்கிறது. இனி வீட்டுக்காரி நீதான், நீ கொடு," என்றாள்.

நான் கொடுத்தேன். போத்தலை அமிழ்த்தி நிரப்பினேன். மாமி பழைய போத்தலை ஒரு கையிலும் புதியதை ஒரு கையிலும் தூக்கிப் பார்த்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். இந்தியாவுக்கே போகச் சொல்லிக் கத்தினானே, அவனுடைய அம்மாவும் நின்றாள். "புதுசு கொஞ்சம் கனம்," என்று மாமி சொன்னதும் அந்த அம்மாள் என் கன்னத்தைத் தொட்டாள். பாற்சோற்றைப் பிய்த்து வாயில் ஊட்டினாள். பிறந்ததிலிருந்து இந்த நாட்டில் யாரும் என்னை வீட்டுக்காரி என்று கூப்பிட்டதில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த இடத்தை விட்டு நான் இனி எங்கே போவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

குடிசைக்கு ஓடினேன். அவர் பானையையும் சட்டியையும் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"போயிருவோம்."

"என்ன பேசுறீங்க? எழுதித் தாறேன்னு அவரே சொல்லிட்டாரு. ஊரே என்னைய முன்னுக்கு விட்டுச்சு. போத்தல் கனம் கூடி இருக்குன்னு..."

"கூடி இருக்கு," என்றார் அவர். கட்டிய முடிச்சை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடுத்த வருசம் கொறஞ்சா யாரக் கேப்பாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஊர் குடிக்கிற தண்ணி நம்ம பேருல இருக்கும். நாம யாரு? நமக்கு எந்த நாட்டுலயும் பேரு இல்ல. மழ கொறஞ்சாலும் நாமதான். மாமா இருக்க வரைக்கும் சரி. அதுக்கப்பறம்?"

கத்தினேன். பயந்தாங்கொள்ளி என்றேன், மண்வெட்டியைத் தவிர ஒன்றும் தெரியாதவர் என்றேன், பசுவைத் திருப்பித் தா என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சாக்கைக் கட்டி முடித்தார். நான் எவ்வளவு யோசித்தும் அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் தனியாளாகவாவது அங்கே இருந்திருப்பேன்.

மாமாவிடம் அவர்தான் போய்ச் சொன்னார். கிழவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டு, பட்டிப்பொலை ஸ்டேஷன் வரை எங்கள் சாக்கைத் தானே சுமந்து வந்தார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷப் பிறப்புக்கு நீ வந்துதான் போத்தலை எடுக்க வேண்டும் என்றாள். வருகிறேன் என்றேன். போகவில்லை.

அட்டன் பக்கத்தில் வேறொரு தோட்டத்தில் பெயர் பதிந்தோம். சில வருஷங்கள் கழித்து, மொழிச் சண்டையில் ஊர் ஊராகத் தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்த செய்தி லயத்துக்கு வந்த அன்று, அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை பேசவுமில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் அன்றைக்குச் சொன்னது சரி. சரியாக இருந்ததற்காகவே நான் அவரை வெகுகாலம் மன்னிக்கவில்லை.